ஐக்கிய அமெரிக்காவின் கோதுமை, தீவனத் தானிய ஆதரவுத் திட்டங்கள்

கோதுமை, தீவனத் தானிய ஆதரவுத் திட்டங்கள் என்பன ஐக்கிய அமெரிக்காவின் கூட்டரசு, கோதுமையும் கால்நடைத் தீவனத்துக்கான தானியங்களும் பயிரிடும் உழவர்களின் வருவாயைக் காக்கும் பொருட்டு 1933 ஆம் ஆண்டு முதல் நடைமுறைப்படுத்தி வரும் சட்டங்களும் கொடுப்பனவு முறைகளும் ஆகும். விலை குறையும்போது அரசு கடன் கொடுத்துத் தானியத்தை ஈடாகப் பெறுதல், பயிரிடும் பரப்பைக் குறைக்கச் செய்தல், சந்தை விலைக்கும் சட்டம் வகுத்த விலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பணமாக வழங்குதல் ஆகியவை இத்திட்டங்களின் முதன்மையான வழிமுறைகள். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இயற்றப்படும் "பண்ணைச் சட்டம்" என்னும் பெருஞ்சட்டத்தின் ஒரு பகுதியாக இவை புதுப்பிக்கப்படுகின்றன.

உள்ளடங்கும் பயிர்கள்

தீவனத் தானியங்கள் என்னும் சொல் இச்சட்டங்களில் மக்காச்சோளம், சோளம், வாற்கோதுமை (பார்லி), ஓட்ஸ் ஆகிய நான்கையும் குறிக்கிறது. இவற்றுள் மக்காச்சோளமே மிகப் பெரும் பங்கை வகிக்கிறது. அயோவா, இலினொய் முதலிய நடு மேற்கு மாநிலங்கள் மக்காச்சோளத்துக்கும், கேன்சஸ், வடக்கு டகோட்டா முதலிய சமவெளி மாநிலங்கள் கோதுமைக்கும் பெயர் பெற்றவை. மழை குறைந்த சமவெளிகளில் ஒரே பண்ணையில் கோதுமையும் சோளமும் மாறி மாறிப் பயிரிடப்படுவதாலும், விலை குறைந்த காலங்களில் கோதுமையும் தீவனமாகப் பயன்படுவதாலும் இவ்விரு பயிர்த் தொகுதிகளுக்கான திட்டங்கள் பெரும்பாலும் இணைத்தே வகுக்கப்பட்டன.

அமெரிக்காவில் தானியம் புசல் என்னும் அளவால் அளக்கப்படுகிறது. ஒரு புசல் கோதுமை ஏறத்தாழ 27.2 கிலோகிராம், ஒரு புசல் மக்காச்சோளம் ஏறத்தாழ 25.4 கிலோகிராம். சட்டங்களில் குறிக்கப்படும் விலைகள் அனைத்தும் ஒரு புசலுக்கானவை.

அடிப்படைக் கருத்துகள்

* சமநிலை விலை: உழவர் விற்கும் பொருளின் விலைக்கும் அவர் வாங்கும் பொருட்களின் விலைக்கும் 1909 முதல் 1914 வரை நிலவிய விகிதத்தை நியாயமானது எனக் கொண்டு கணக்கிடப்படும் விலை. 1930கள் முதல் 1970களின் தொடக்கம் வரை ஆதரவு விலைகள் இதன் விழுக்காடாகவே குறிக்கப்பட்டன.
* பொறுப்பற்ற அடமானக் கடன்: உழவர் தம் விளைச்சலை அடமானமாக வைத்து, புசலுக்கு இவ்வளவு எனச் சட்டம் வகுத்த வீதத்தில் பெறும் கடன். சந்தை விலை உயர்ந்தால் அவர் கடனை வட்டியுடன் அடைத்துத் தானியத்தை விற்கலாம். விலை தாழ்ந்தே இருந்தால் தானியத்தை அரசிடம் விட்டுவிடலாம். மீதிக் கடனுக்கு அவர் பொறுப்பல்லர். எனவே கடன் வீதமே நடைமுறையில் அடித்தள விலையாக அமைகிறது.
* பரப்பு ஒதுக்கீடு: ஒவ்வொரு பண்ணையும் எத்தனை ஏக்கரில் ஒரு பயிரை விதைக்கலாம் என்னும் வரையறை.
* இலக்கு விலை: சந்தை விலை இதற்குக் கீழே சென்றால் வேறுபாட்டை அரசு உழவருக்கு நேரடியாக வழங்கும். தானியம் சந்தை விலையிலேயே விற்கப்படுவதால் வாங்குவோருக்கு விலை உயர்வதில்லை.

வரலாறு

பின்னணி

முதல் உலகப் போரின்போது ஐரோப்பாவின் தேவையை நிறைவு செய்ய அமெரிக்க உழவர்கள் புல்வெளிகளை உழுது கோதுமைப் பரப்பைப் பெருக்கினர். 1919 இல் ஒரு புசல் கோதுமை 2 டாலருக்கும் மேல் விற்றது. போருக்குப் பின் ஐரோப்பிய வேளாண்மை மீண்டதும் விலை சரிந்தது. உபரியை அரசே வாங்கி வெளிநாட்டில் குறைந்த விலைக்கு விற்க வழி செய்யும் மெக்னாரி-ஹாகன் சட்ட முன்வரைவை 1927 இலும் 1928 இலும் குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜ் தம் தடுப்பு அதிகாரத்தால் நிராகரித்தார்.

1929 இல் 50 கோடி டாலர் நிதியுடன் கூட்டரசுப் பண்ணை வாரியம் அமைக்கப்பட்டது. அது கோதுமையை வாங்கிச் சேமித்து விலையைத் தாங்க முயன்றது. ஆனால் விளைச்சலைக் குறைக்க அதனிடம் எவ்வித அதிகாரமும் இல்லை. கிடங்குகள் நிரம்பின, பணம் தீர்ந்தது, 1931 இல் கொள்முதல் நிறுத்தப்பட்டது. 1932 இல் கோதுமை விலை புசலுக்கு 40 சென்ட்டுக்கும் கீழே சென்றது. கடனைக் கட்ட இயலாத ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. விளைச்சலைக் கட்டுப்படுத்தாமல் விலையைத் தாங்க முடியாது என்பதே இம்முயற்சியிலிருந்து பின்வந்த சட்டமியற்றுவோர் பெற்ற பாடமாகும்.

1933 ஆம் ஆண்டுச் சட்டம்

பிராங்க்ளின் ரூசவெல்ட் ஆட்சிக்கு வந்தபின் 1933 மே 12 இல் வேளாண்மைச் சீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேளாண்மைச் செயலர் ஹென்றி வாலஸ் இதனை முன்னின்று செயற்படுத்தினார். பரப்பைக் குறைக்க ஒப்புக்கொண்ட உழவர்களுக்குப் பணம் வழங்கப்பட்டது. இதற்கான நிதி, மாவு ஆலை முதலியவற்றின் மீது விதிக்கப்பட்ட பதனீட்டு வரியிலிருந்து திரட்டப்பட்டது. கோதுமைக்கு இவ்வரி புசலுக்கு 30 சென்ட் ஆகும். அதே ஆண்டு அக்டோபர் 17 இல் பண்டக் கடன் கழகம் நிறுவப்பட்டு, மக்காச்சோளத்துக்குப் புசலுக்கு 45 சென்ட் வீதம் கடன் வழங்கத் தொடங்கியது.

மக்காச்சோளத்தின் விலை பன்றி வளர்ப்புடன் பிணைந்திருந்ததால், 1933 இல் சுமார் 60 இலட்சம் பன்றிக்குட்டிகளை அரசு வாங்கிக் கொன்றது. நகரங்களில் மக்கள் உணவுக்கு வரிசையில் நின்ற காலத்தில் நிகழ்ந்த இச்செயல் கடும் கண்டனத்துக்கு உள்ளானது.

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வேளாண் உற்பத்தியைக் கட்டுப்படுத்துவது மாநிலங்களின் அதிகாரம் எனக் கூறி, பதனீட்டு வரியையும் அதனுடன் இணைந்த கட்டுப்பாடுகளையும் செல்லாதவை ஆக்கியது. சில வாரங்களிலேயே மண்வளப் பாதுகாப்பை நோக்கமாகக் காட்டும் மாற்றுச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. மண்ணை அரிக்கும் பயிர்களைக் குறைத்து மண்ணைக் காக்கும் பயிர்களை விதைப்போருக்கு அதன்கீழ்ப் பணம் வழங்கப்பட்டது. மண்ணை அரிக்கும் பயிர்களின் பட்டியலில் கோதுமையும் மக்காச்சோளமும் இடம்பெற்றன.

1938 ஆம் ஆண்டுச் சட்டமும் பில்பர்ன் வழக்கும்

1938 ஆம் ஆண்டின் வேளாண்மைச் சீரமைப்புச் சட்டம் கோதுமைக்கும் மக்காச்சோளத்துக்கும் அடமானக் கடனைக் கட்டாயமாக்கியது. நல்ல ஆண்டுகளில் சேமித்து வறட்சி ஆண்டுகளில் வெளியிடும் "என்றும் நிறை களஞ்சியம்" என்னும் வாலசின் கருத்து இதன் அடிப்படை. உபரி மிகும்போது, உழவர்களில் மூன்றில் இரு பங்கினர் வாக்கெடுப்பில் ஒப்பினால், விற்பனை ஒதுக்கீட்டை மீறுவோருக்குத் தண்டம் விதிக்கவும் இச்சட்டம் இடமளித்தது. கோதுமைக்கான கூட்டரசுப் பயிர்க் காப்பீடும் இதன்வழியே தோன்றியது.

இத்தண்டத்தை எதிர்த்து ஒகையோ மாநிலத்தின் சிறு உழவரான ராஸ்கோ பில்பர்ன் தொடுத்த வழக்கு புகழ் பெற்றது. 1941 ஆம் ஆண்டு விளைச்சலுக்கு அவருக்கு ஒதுக்கப்பட்ட பரப்பு 11.1 ஏக்கர்; அவர் விதைத்ததோ 23 ஏக்கர். மிகையாக விளைந்த 239 புசலுக்கு 117.11 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. தம் பண்ணையின் கோழிகளுக்கும் கால்நடைகளுக்கும் குடும்பத்துக்கும் பயன்படும் கோதுமை, மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது என்பது அவர் தரப்பு வாதம். ஓர் உழவர் வீட்டிலேயே பயன்படுத்துவது சிறிதெனினும், பலரும் அவ்வாறு செய்தால் சந்தை விலை பாதிக்கப்படும் என்று கூறி உச்ச நீதிமன்றம் 1942 நவம்பரில் அரசுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அமெரிக்கக் கூட்டரசின் வணிக ஒழுங்குமுறை அதிகாரத்தை மிக விரிவாக்கிய தீர்ப்புகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

உபரியின் காலம்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உற்பத்தியைத் தூண்ட ஆதரவு விலை சமநிலை விலையின் 90 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. போருக்குப் பின்னரும் இவ்வுயர் வீதம் பல ஆண்டுகள் நீடித்தது. இதற்கிடையே உரம், இழுவை இயந்திரம், கலப்பின மக்காச்சோள விதை ஆகியவற்றால் ஏக்கருக்கான விளைச்சல் பெருகியது. பரப்பைக் குறைத்தாலும் விளைச்சல் குறையவில்லை. உழவர்கள் தரம் குறைந்த நிலத்தைத் தரிசாக விட்டு, நல்ல நிலத்தில் கூடுதலாக விளைவித்தனர்.

1949 ஆம் ஆண்டு வேளாண்மைச் சட்டம், 1938 ஆம் ஆண்டுச் சட்டத்துடன் சேர்ந்து "நிலையான சட்டம்" எனப்படுகிறது. பின்வந்த பண்ணைச் சட்டங்கள் இதனை நீக்காமல் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதே வழக்கம். புதிய சட்டம் இயற்றப்படாவிட்டால் பழைய உயர் ஆதரவு விலைகள் மீண்டும் உயிர்பெறும் என்னும் அச்சமே காங்கிரசை உரிய காலத்தில் செயற்பட வைக்கிறது.

1956 இல் நிலத்தைப் பல ஆண்டுகளுக்குத் தரிசாக விட வாடகை வழங்கும் "மண் வங்கி" திட்டம் தொடங்கப்பட்டது. எனினும் 1961 இல் கோதுமைக் கையிருப்பு 140 கோடி புசலை எட்டியது. அவ்வாண்டு ஜான் கென்னடி அரசு அவசரத் தீவனத் தானியச் சட்டத்தை இயற்றியது. மக்காச்சோளப் பரப்பையோ சோளப் பரப்பையோ குறைந்தது 20 விழுக்காடு குறைக்கும் உழவருக்கு மட்டுமே கடனும் கொடுப்பனவும் கிடைக்கும் என்றும், சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம் என்றும் அது வகுத்தது. கட்டாயத்துக்கு மாறாக ஊக்கத்தை முன்வைத்த இம்முறை பின்னைய திட்டங்களுக்கு முன்மாதிரி ஆனது.

1963 கோதுமை வாக்கெடுப்பு

1963 மே 21 இல் கோதுமை உழவர்களிடையே வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. ஏற்றால் கடுமையான பரப்புக் கட்டுப்பாட்டுடன் புசலுக்கு ஏறத்தாழ 2 டாலர் ஆதரவு. மறுத்தால் கட்டுப்பாடு இல்லை, ஆதரவு விலை மிகக் குறையும். வேளாண்மைச் செயலர் ஆர்வில் பிரீமன் ஏற்குமாறு வேண்டினார். அமெரிக்கப் பண்ணைப் பணியகக் கூட்டமைப்பு எதிர்த்துப் பரப்புரை செய்தது. மூன்றில் இரு பங்கு தேவைப்பட்ட நிலையில் பாதிக்கும் குறைவானோரே ஏற்றனர். பன்னிரண்டு இலட்சத்துக்கு அண்மையான உழவர்கள் வாக்களித்த இவ்வாக்கெடுப்புடன் கோதுமைக்கான கட்டாய ஒதுக்கீட்டின் காலம் நடைமுறையில் முடிவுக்கு வந்தது. 1964 இல் கோதுமைக்கும் விருப்பத் திட்டம் கொண்டுவரப்பட்டது.

இலக்கு விலை முறை

1970 ஆம் ஆண்டுச் சட்டம் முதன்முறையாக ஒருவர் ஒரு பயிருக்குப் பெறக்கூடிய கொடுப்பனவுக்கு 55,000 டாலர் என வரம்பு விதித்தது. 1972 இல் சோவியத் ஒன்றியம் 40 கோடி புசலுக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கோதுமையை வாங்கியது. செய்தி வெளிவரும் முன்பே விற்றுவிட்ட உழவர்கள் விலையேற்றத்தின் பயனை இழந்தனர். ஏற்றுமதி நிறுவனங்களோ அரசின் ஏற்றுமதி மானியத்தையும் பெற்றன. உலகச் சந்தையில் விலை பன்மடங்கு உயர்ந்தது.

இச்சூழலில் இயற்றப்பட்ட 1973 ஆம் ஆண்டுச் சட்டம் சமநிலை விலையைக் கைவிட்டு, கோதுமைக்கு 2.05 டாலர், மக்காச்சோளத்துக்கு 1.38 டாலர் என இலக்கு விலைகளை நிறுவியது. தொடக்க ஆண்டுகளில் சந்தை விலை இவற்றைவிட உயர்ந்து இருந்ததால் கொடுப்பனவுக்குத் தேவை எழவில்லை. விலை மீண்டும் சரிந்தபோது, செலவுக்கு ஈடான விலை கோரி உழவர்கள் போராட்டங்களில் இறங்கினர். 1979 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கானோர் தம் இழுவை இயந்திரங்களை ஓட்டிக்கொண்டு தலைநகர் வாசிங்டனை அடைந்தனர்.

1980களின் நெருக்கடி

ஆப்கானித்தான் படையெடுப்பைக் கண்டித்து 1980 ஜனவரியில் ஜிம்மி கார்ட்டர் சோவியத் ஒன்றியத்துக்கான தானிய விற்பனைக்குத் தடை விதித்தார். 1981 ஏப்ரலில் ரொனால்ட் ரேகன் அதனை நீக்கினார். உயர் வட்டி, ஏற்றுமதி வீழ்ச்சி, நில மதிப்புச் சரிவு ஆகியவை சேர்ந்து 1930களுக்குப் பின் மிகக் கடுமையான பண்ணை நெருக்கடியை உண்டாக்கின.

1983 இல் நிலத்தைத் தரிசாக விடும் உழவருக்குப் பணத்துக்கு மாறாக அரசுக் கிடங்கின் தானியத்தையே வழங்கும் "பொருள்வழிக் கொடுப்பனவு" திட்டம் அறிவிக்கப்பட்டது. பிற திட்டங்களையும் சேர்த்து 7.5 கோடி ஏக்கருக்கும் மேல் தரிசாக விடப்பட்டது. அதே ஆண்டு வறட்சியும் தாக்கியதால் மக்காச்சோள விளைச்சல் 820 கோடி புசலிலிருந்து ஏறத்தாழ 420 கோடி புசலாக வீழ்ந்தது. தீவன விலை உயர்ந்து கோழி, பன்றி, மாடு வளர்ப்போர் இழப்புக்கு உள்ளாயினர்.

1985 ஆம் ஆண்டுச் சட்டம் கடன் வீதங்களைக் குறைத்து ஏற்றுமதியை எளிதாக்கியது. இலக்கு விலைகளோ மெதுவாகவே குறைக்கப்பட்டன. எனவே 1986 நிதியாண்டில் பண்டக் கடன் கழகத்தின் நிகரச் செலவு சுமார் 2,600 கோடி டாலரை எட்டியது. அரிப்புக்கு உள்ளாகும் நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கோ அதற்கு மேலோ பயிரிடாமல் விடும் "பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டம்" இச்சட்டத்தின் நிலைத்த பயனாகும்.

1996 ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின்விளைவும்

1996 ஏப்ரல் 4 இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இலக்கு விலையையும் ஆண்டுதோறும் தரிசு விடும் நிபந்தனையையும் நீக்கியது. மாறாக, ஏழு ஆண்டுகளுக்குக் குறைந்து செல்லும் நிலையான தொகை, மொத்தம் ஏறத்தாழ 3,560 கோடி டாலர், ஒப்பந்தம் செய்தோருக்கு வழங்கப்பட்டது. இதில் மக்காச்சோளத்தின் பங்கு 46 விழுக்காடு, கோதுமையின் பங்கு 26 விழுக்காடு. உழவர் விரும்பிய பயிரை விதைக்கலாம் என்பதால் இது "உழும் சுதந்திரம்" எனப் பெயர் பெற்றது.

சட்டம் விவாதிக்கப்பட்டபோது கோதுமையின் பருவச் சராசரி விலை 4.55 டாலராக இருந்தது. 1999 இல் அது 2.48 டாலராகச் சரிந்தது. உதவியைப் படிப்படியாகக் குறைக்க வந்த சட்டம் இருக்கும்போதே 1998 முதல் 2001 வரை ஆண்டுதோறும் அவசர உதவிகள் வழங்கப்பட்டன.

2002 முதல்

2002 ஆம் ஆண்டுச் சட்டம் நிலையான தொகையை "நேரடிக் கொடுப்பனவு" எனத் தொடர்ந்ததுடன், இலக்கு விலையைச் சார்ந்த கொடுப்பனவையும் மீட்டது. நேரடிக் கொடுப்பனவு கோதுமைக்குப் புசலுக்கு 52 சென்ட், மக்காச்சோளத்துக்கு 28 சென்ட். எத்தனால் எரிபொருள் உற்பத்தி பெருகி, பின்னர் தானிய விலைகள் உயர்ந்தபோதும் இத்தொகை வழங்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததால் 2014 ஆம் ஆண்டுச் சட்டம் நேரடிக் கொடுப்பனவை நீக்கியது. அதற்கு மாற்றாக, விலை வீழ்ச்சியை ஈடுசெய்யும் விலை இழப்பு ஈட்டுத் திட்டமும், வருவாய் வீழ்ச்சியை ஈடுசெய்யும் வேளாண் இடர் ஈட்டுத் திட்டமும் வந்தன.

சீனாவுடனான வணிகப் பூசலால் 2018, 2019 ஆண்டுகளில் சுமார் 2,300 கோடி டாலர் தனியாக வழங்கப்பட்டது. 2018 ஆம் ஆண்டுப் பண்ணைச் சட்டம் காலாவதியான பின் நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலை 4 இல் கையெழுத்தான வரவுசெலவுச் சட்டம் மேற்கோள் விலைகளைப் பின்வருமாறு உயர்த்தியது:

* கோதுமை: 5.50 டாலரிலிருந்து 6.35 டாலர்
* மக்காச்சோளம்: 3.70 டாலரிலிருந்து 4.10 டாலர்
* சோளம்: 3.95 டாலரிலிருந்து 4.40 டாலர்
* வாற்கோதுமை: 4.95 டாலரிலிருந்து 5.45 டாலர்
* ஓட்ஸ்: 2.40 டாலரிலிருந்து 2.65 டாலர்

கணக்கிடும் முறை

கொடுப்பனவு, உழவர் அவ்வாண்டு விதைத்த பரப்பைக் கொண்டு அன்றி, முற்காலப் பயிரீட்டின் அடிப்படையில் பண்ணைக்குப் பதியப்பட்ட "அடிப்படைப் பரப்பு", பதியப்பட்ட விளைச்சல் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. விலை இழப்பு ஈட்டுத் திட்டத்தில் அடிப்படைப் பரப்பின் 85 விழுக்காட்டுக்கே தொகை கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 2019-20 பருவத்தில் கோதுமையின் சராசரி விலை 4.58 டாலர், மேற்கோள் விலை 5.50 டாலர், வேறுபாடு 92 சென்ட். 100 ஏக்கர் அடிப்படைப் பரப்பும், ஏக்கருக்கு 40 புசல் பதிவு விளைச்சலும் உள்ள பண்ணைக்கு 0.92 × 40 × 85 = 3,128 டாலர் கணக்காகும் (பிற கழிவுகள் நீங்கலாக). அந்நிலத்தில் அவ்வாண்டு கோதுமை விதைக்கப்படாவிட்டாலும் இத்தொகை மாறாது.

இந்தியாவுடனான தொடர்பு

அமெரிக்க உபரித் தானியத்தின் ஒரு பெரும் வடிகாலாக அமைந்தது 1954 ஆம் ஆண்டின் பொதுச் சட்டம் 480 ஆகும். இதன்கீழ் இந்தியா 1956 முதல் உரூபாய் கொடுத்துக் கோதுமை பெற்றது. 1960 மே மாத ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளில் 1.6 கோடி டன் கோதுமைக்கு வழிசெய்தது. 1965-66 வறட்சியின்போது இந்தியாவின் உணவுத் தானிய இறக்குமதி ஓராண்டில் ஒரு கோடி டன்னைத் தாண்டியது. அப்போது அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் நீண்டகால உறுதி அளிக்காமல் சிறு சிறு தவணைகளாகவே தானியத்தை விடுவித்தார்.

அக்காலத்தில் இந்தியாவின் உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் உரோம் நகரில் அவர் ஆர்வில் பிரீமனுடன் நடத்திய பேச்சில் இந்திய வேளாண்மைச் சீர்திருத்தங்கள் குறித்து உடன்பாடு எட்டப்பட்டது. 1966 இல் மெக்சிக்கோவிலிருந்து 18,000 டன் உயர்விளைச்சல் கோதுமை விதை இறக்குமதியானது. பசுமைப் புரட்சிக்கு இது அடிகோலியது.

விமர்சனங்கள்

கொடுப்பனவு பரப்பையும் விளைச்சலையும் சார்ந்திருப்பதால் பெரும் பண்ணைகளே மிகுதியான பயனைப் பெறுகின்றன என்பது முதன்மையான குறை. வரம்புகள் விதிக்கப்பட்டபோதிலும் பண்ணையைப் பல பெயர்களில் பிரித்துக் காட்டி அவை தவிர்க்கப்பட்டன. உதவித்தொகை நில விலையிலும் குத்தகையிலும் ஏறிவிடுவதால், சொந்த நிலமற்ற உழவருக்குப் பயன் குறைகிறது. 2000 ஆம் ஆண்டு முதல் வேளாண்மையே செய்யாதவர்களுக்குக் குறைந்தது 130 கோடி டாலர் சென்றதாக 2006 இல் வாசிங்டன் போஸ்ட் நாளிதழ் கணக்கிட்டது.

பன்னாட்டு அளவில், இம்மானியங்கள் உலக விலையைத் தாழ்த்தி ஏழை நாடுகளின் உழவர்களைப் பாதிக்கின்றன என்னும் குற்றச்சாட்டு உண்டு. உலக வணிக அமைப்பின் விதிகளின்படி, விலையைத் திரிக்கும் ஆதரவுக்கு அமெரிக்காவின் உச்ச வரம்பு ஆண்டுக்கு 1,910 கோடி டாலர் ஆகும்.

விதைக்கும்போது அறுவடைக்கால விலையை அறிய இயலாது என்பதும், மழையும் போரும் அரசின் வணிகத் தடைகளும் தனி உழவரின் கட்டுப்பாட்டில் இல்லை என்பதும் ஆதரவாளரின் மறுமொழி. 1932 இல் ஏலத்துக்கு வந்த பண்ணைகளையும் 1980களின் நெருக்கடியையும் அவர்கள் சான்றாகக் காட்டுகின்றனர்.

இவற்றையும் பார்க்கவும்

* பெரும் பொருளியல் வீழ்ச்சி
* புதிய ஒப்பந்தம்
* பசுமைப் புரட்சி
* குறைந்தபட்ச ஆதரவு விலை
* உலக வணிக அமைப்பு